குதிரைவாலி வாங்கியும் மனம் ஆறவில்லை: வீட்டுச் சாப்பாட்டில் எதை மாற்றினால் உண்மையிலேயே பயன்?

மாடக்குளத்தாள் (மதுரை)

கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்த கையோடு வீட்டுச் சாப்பாட்டைச் சுற்றுச்சூழலுக்குத் தோதாக மாற்றுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் ஐந்து பேர்: நான், கணவர், மாமியார், எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிற இரண்டு பையன்கள். முதல் வேலையாக ஐந்து கிலோ குதிரைவாலிச் சிறுதானியம் வாங்கினேன். நாங்கள் வாங்குகிற அரிசியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. முதல் நாள் குழைந்து களியாகிவிட்டது, சின்னவன் "இது கிளிக்குப் போடுறதுதானே" என்றான். மறுநாள் தண்ணீரைக் குறைத்தேன், விதை விதையாக நின்றது. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தனக்கு மட்டும் ஒரு டம்ளர் அரிசியைத் தனியாக உலையில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்புறம் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் வேறு மாநிலத்தில் பொட்டலம் கட்டி லாரி ஏறி வந்திருக்கிறது.

சரி, வேறு எங்கே தப்பு நடக்கிறது என்று பார்க்க ஒரு வாரம் சமையலறைக் குப்பையை நிறுத்தேன், பழைய பேப்பர் எடுப்பவர் வைத்திருக்கிற மாதிரி கொக்கித் தராசு ஒன்று வாங்கி. காய்த்தோல், தேங்காய்ச் சிரட்டை, டீத்தூள் எல்லாம் 5 கிலோ. மிச்சச் சோறு 2 கிலோ 100 கிராம். சாம்பார், கூட்டு, பொரியல் ஒன்றரை கிலோ. புளித்த மாவு அரை கிலோ. நானே அசந்துவிட்டேன்.

மாதக் கணக்கு கேட்பீர்கள் என்று தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். அரிசி 25 கிலோ மூட்டை ஒன்று, இட்லிக்கும் சேர்த்து. பால் தினம் ஒன்றரை லிட்டர். ஆட்டுக்கறி 2 கிலோ, கோழி 2 கிலோ, பருப்பு வகை 4 கிலோ. மீன் எப்போதாவது. இதில் எங்கே கை வைப்பது?

கணக்குவாத்தியார்

நிறுத்துப் பார்த்தீர்களே, அதற்கே ஒரு கும்பிடு மேடம். இங்கே பாதிப் பேர் தராசைத் தொடாமலேயே அறிவுரை சொல்வார்கள் (நானும்தான்).

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட உணவு வீணடிப்பு அறிக்கையில் இந்திய வீடுகளுக்கு ஆளுக்கு வருடம் 55 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். தோல், கொட்டை எல்லாம் சேர்த்துத்தான். ஐந்து பேருக்கு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 5.3 கிலோ வருகிறது. நீங்கள் 9 கிலோ. சிரட்டை கனம், அதை விட்டுவிடலாம். ஆனால் சமைத்துவிட்டுக் கொட்டியது மட்டும் 4 கிலோ, அதை எந்தச் சமாதானமும் சொல்லித் தள்ள முடியாது.

இப்போது உங்கள் மாதக் கணக்கு. 2018இல் பூர், நெமெசெக் என்ற இருவர் கிட்டத்தட்ட 38,000 பண்ணைகளின் தகவலைத் திரட்டிச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. அதை வைத்துப் பரவலாகப் புழங்கும் பட்டியலில் ஒரு கிலோவுக்கு வெளியாகும், பூமியைச் சூடேற்றும் வாயு (எல்லாம் கரியமில வாயுக் கணக்குக்கு மாற்றியது) இப்படி: ஆட்டுக்கறி சுமார் 24 கிலோ, கோழி 6, அரிசி 4, பால் 3, பருப்பு 1 சுமார். உலகச் சராசரிதான், மதுரைக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் பெருக்கிப் பாருங்கள். அரிசி 25 கிலோவுக்கு 100. ஆட்டுக்கறிக்கு 48. கோழிக்கு 12. பருப்புக்கு 4. பால் 45 லிட்டர், அதற்கு 135!

ஆமாம், உங்கள் வீட்டில் முதலிடம் பாலுக்கு. அடுத்தது அரிசி. ஞாயிற்றுக்கிழமைக் கறி அதற்கப்புறம்தான். அந்த லாரி உங்களை உறுத்துகிறது அல்லவா, அது இந்த வரிசையில் எங்கேயோ கடைசியில் இருக்கிறது. உலக அளவில் உணவு தொடர்பான மொத்த வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு 6 சதவீதம் அளவுதான். பெரும்பகுதி வயலிலும் மாட்டின் வயிற்றிலும் நடக்கிறது.

சும்மா_வந்தேன்

வந்துவிட்டார்கள், பாலைக் குறை, சோற்றைக் குறை என்று. ஒரு இந்தியனின் சராசரி கரியமில வாயு வருடத்துக்கு 2 டன் சுமார். அமெரிக்கனுக்கு 14. அங்கே போய்ச் சொல்லுங்கள் இதை. மதுரையில் ஒரு வீட்டு மாமியாரின் காபியில் கை வைத்துத்தான் பூமியைக் காப்பாற்ற வேண்டுமா?

கணக்குவாத்தியார்

காபியில் கை வைக்கச் சொல்லவில்லை ஐயா, உயிர் மேல் எனக்கும் ஆசை உண்டு. அந்த 2க்கும் 14க்கும் உள்ள நியாயமும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்டது தன் வீட்டில் எதை மாற்றுவது என்று. அமெரிக்காவை எப்படி மாற்றுவது என்று கேட்கவில்லை.

பாலில் நான் சொல்ல வந்தது வேறு. ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் போகிறது. "நாங்கள் கறியை விட்டுவிட்டோம், எங்கள் சாப்பாடு பச்சை" என்று சொல்லிக்கொண்டு வாரம் மூன்று நாள் பன்னீர் பட்டர் மசாலா சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். சைவம் என்பதாலேயே சுமை குறைந்துவிடாது. முட்டையும் கோழியும் சாப்பிடுகிற வீடு பன்னீரும் நெய்யுமாக ஓடுகிற வீட்டைவிட இந்தக் கணக்கில் தேவலாம்.

கிடைக்காரர்_மகன் (ராமநாதபுரம்)

வாத்தியாரே, அந்த 24 கிலோவைப் பற்றி ஒரு வார்த்தை. என் அப்பா கீதாரி. அறுவடை முடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடுவார், மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார். நிலத்துக்காரர் கூப்பிட்டு ராத்திரி வயலில் கிடை போடச் சொல்வார், அதற்குக் கூலி உண்டு. நானூறு ஆடு ஒரு ராத்திரி படுத்து எழுந்த நிலத்தில் புழுக்கையும் மூத்திரமும் விழுந்தால் அடுத்த வெள்ளாமைக்கு மூட்டை உரம் குறையும். எங்கள் ஆடு தின்பது தாளடி, வரப்புப் புல், கருவேலங்காய். அதற்காக ஒருவரும் காட்டை அழிக்கவில்லை, சோளம் விதைக்கவில்லை. புல்வெளி போட்டு, வேலி கட்டி, கப்பலில் அனுப்புகிற வெளிநாட்டு ஆட்டுக்கும் இதற்கும் ஒரே எண்ணா?

கணக்குவாத்தியார்

ஒரே எண் இல்லை, நீங்கள் சொல்வது சரி. தீவனம், உரம், நிலம் இந்த மூன்றிலும் உங்கள் ஆடு ஜெயித்துவிடும். ஆனால் அசைபோடும் பிராணி எதுவானாலும் வயிற்றிலிருந்து மீத்தேன் வருவது வருவதுதான், கருவேலங்காய் தின்றாலும் வரும். மீத்தேன் நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 27, 28 மடங்கு சூடேற்றும். அதனால் 24 என்பது குறையும், கோழி அளவுக்கு இறங்காது. எனக்கு ஒரு சந்தேகம்: ஊரில் விற்கிற கறியில் எவ்வளவு கிடை ஆடு, எவ்வளவு கொட்டிலில் அடைத்துத் தீவனம் போட்டது?

கிடைக்காரர்_மகன்

கறிக்கடையில் நின்று கேட்டால் எல்லாம் "நாட்டு ஆடு"தான். அப்பாவுக்கு இப்போது மேய்ச்சலுக்கு இடமே கிடைக்கவில்லை, அது தனிக்கதை.

கடைமடைக்காரன் (டெல்டா)

அரிசிக்கு 4 என்று போட்டீர்கள், அது ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நெல்லோடு கிடக்கிறவன் நான் சொல்கிறேன். வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் அடிச்சேற்றுக்குக் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வேலை செய்கிற நுண்ணுயிர் மீத்தேனைக் கக்கும். சேற்றில் கால் வைத்தால் குமிழ் குமிழாக மேலே வருமே, அதில் அதுவும் இருக்கிறது. வாசனையே சொல்லும்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் பதித்துவிட்டு, உள்ளே தண்ணீர் மட்டம் மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை பேசாமல் இருக்க வேண்டும். அப்புறம் பாய்ச்ச வேண்டும். பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தண்ணீர் கால்வாசிக்கு மேல் மிச்சமாகும், மீத்தேன் பாதியாகக்கூடக் குறையும் என்கிறார்கள். ஒற்றை நாற்று நடவிலும் அதே கதைதான், 14 நாள் நாற்று, இடைவெளி விட்டு நட்டு, கோனோவீடர் என்ற களைக்கருவியை உருட்டுவது.

ஆனால் ஒன்று. ஆழ்துளைக் கிணறு வைத்துக் குறுவை போடுகிறவனுக்கு மோட்டார் ஸ்விட்ச் கையில் இருக்கிறது, அவன் செய்யலாம். என் வயலுக்கு வாய்க்காலே தனியாகக் கிடையாது. மேல் வயலுக்குப் பாய்ந்து, அதில் வழிந்து, அப்புறம்தான் எனக்கு வரும். என் வயலைக் காயப்போட்டால் எனக்குக் கீழே இருக்கிறவனுக்குத் தண்ணீர் போகாது, மறுநாள் காலையில் வரப்பில் சண்டை. சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும்போது காய்ச்சல் எங்கே, பாய்ச்சல் எங்கே. அத்தோடு நான் இப்படி விளைவித்த நெல்லுக்கும் பக்கத்து வயல் நெல்லுக்கும் கொள்முதல் நிலையத்தில் ஒரே விலை. ஒரு ரூபாய் கூடக் கிடையாது.

அதனால் மதுரைத் தங்கச்சிக்கு என் யோசனை: சோற்றைக் குறைக்க வேண்டாம். கொட்டாதீர்கள். அது போதும். சராசரியாக ஒரு கிலோ அரிசிக்கு 2,500 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு சொல்கிறார்கள், மழையும் பாசனமும் சேர்த்து. 2 கிலோ சோறு என்பது 700 கிராம் அரிசி. வாரா வாரம் 1,700 லிட்டர் தண்ணீரைக் குப்பைத் தொட்டியில் ஊற்றுகிறீர்கள்.

மாடக்குளத்தாள்

அண்ணா, அந்தக் கடைசி வரியைப் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன். பெரியவன் வாசித்துவிட்டு "அப்பா தட்டுல வைக்கிறதுதான் மா ஜாஸ்தி" என்று போட்டுக்கொடுத்தான்.

பனிக்குல்லா (ரொறன்ரோ)

போக்குவரத்து பெரிய விஷயம் இல்லை என்று வாத்தியார் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எங்கள் ஊர்த் தமிழ்க் கடையில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, புடலங்காய் எல்லாம் வெள்ளிக்கிழமை வந்து இறங்கும், விமானத்தில். ஒரு முருங்கைக்காயின் விலையைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். நானும் பத்து வருடம் வாங்கினேன். கறி வாங்குவதைக் குறைத்துவிட்டேன் என்று பெருமையாக வேறு பேசிக்கொண்டு.

கணக்குவாத்தியார்

ஓட்டை உண்மைதான். நான் சொன்ன 6 சதவீதத்தில் பெரும்பகுதி லாரியும் கப்பலும். விமானம் வேறு கதை, அதே சரக்கை அதே தூரம் கொண்டுபோக விமானத்தில் கப்பலைவிட 50 மடங்கு அளவுக்கு வெளியாகிறது. உணவில் மிகச் சிறிய பங்குதான் பறந்து வருகிறது, அதனால் சராசரியில் தெரியாது. உங்கள் வெள்ளிக்கிழமைப் பை அந்தச் சிறிய பங்குக்குள் அப்படியே விழுகிறது.

பனிக்குல்லா

இப்போது உறைநிலை முருங்கைக்காய் வாங்குகிறேன், கப்பலில் வருவது. சாம்பாரில் வித்தியாசம் தெரியவில்லை, பொரிச்ச குழம்பில் தெரிகிறது, பரவாயில்லை. கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துப் பனிக்காலத்தில் ஜன்னலோரம் நகர்த்துகிறேன். போன வருடம் வெள்ளைப்பூச்சி வந்து மொத்த இலையும் கொட்டி, பங்குனியில் ஒரு துளிர் விட்டது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒடியல்கூழ் (யாழ்ப்பாணம்)

எல்லாரும் நல்ல விசயங்கள் எழுதுறீங்கள். நான் ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிப் போட்டுப் போறன், ஏனென்றால் "இயற்கை உணவுக்கு ஒரேயடியாக மாறுவோம்" என்று யாரோ இதற்குள் சொல்லத்தான் போகிறார்கள். 2021 மே மாதம் எங்கட நாட்டில் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தினார்கள். சேதன உரம், அதாவது இயற்கை உரம், தேவையான அளவு இல்லை, கமக்காரர், அதாவது விவசாயிகள், பழக ஒரு போகம்கூட அவகாசம் இல்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அந்தப் பெரும்போக நெல் அடிபட்டுப் போய்விட்டது. பிறகு அரிசி விலை ஏறின ஏற்றம் எங்கட அம்மாவுக்குத்தான் தெரியும். மண் தன்ரை வளத்தை மீட்க வருசங்கள் எடுக்கும். வாங்குகிறவர் "இயற்கை" என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்காமல், மாறுகிற கமக்காரருக்கு முதல் இரண்டு மூன்று போகம் விளைச்சல் குறையும், அந்த இழப்பை யார் சுமக்கிறது என்றும் கேட்க வேணும்.

மற்றது, பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கிற ஒடியல் மாவை ஒருத்தரும் சொல்லவில்லை. பனைக்கு ஆர் தண்ணி ஊத்தினது? ஆர் உரம் போட்டது? மீன் தலையும், கொஞ்சம் பயத்தங்காயும், பலாக்கொட்டையும் போட்டு ஒரு கூழ் காய்ச்சினால் வீட்டில் கிடந்த மிச்ச மரக்கறி எல்லாம் அதுக்குள் போய்விடும்.

சாளைக்கறி (குளச்சல் பக்கம்)

மீன் பேச்சு வந்துவிட்டதால் நானும் வருகிறேன். "மீன் எப்போதாவது" என்று எழுதியிருந்தீர்கள். ஆட்டுக்கறி 2 கிலோவில் ஒரு கிலோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாளையும் நெத்திலியும் வையுங்கள். உள்நாட்டுக்காரர்கள் மீன்கடைக்குப் போனால் வஞ்சிரம் இருக்கா, சங்கரா இருக்கா என்று இரண்டே பெயரைத்தான் கேட்கிறார்கள். கேட்கக் கேட்க அந்த மீனைத் தேடித்தான் படகு இன்னும் ஆழத்துக்கு, இன்னும் டீசல் எரித்துப் போகும். சாளை கரையோரமாகக் கூட்டமாக வரும், சீக்கிரம் பெருகும், விலையும் குறைவு. சீசனில் தின்ன ஆளில்லாமல் கோழித் தீவனத்துக்கு அரைக்கப் போகிறது. மனிதன் தின்னக்கூடிய மீனை அரைத்துக் கோழிக்குப் போட்டு, அந்தக் கோழியை மனிதன் தின்கிறான். இதில் என்ன புத்திசாலித்தனம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தடைக்காலம் என்று ஒன்று இருப்பதை நினைவில் வையுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, எங்கள் மேற்குப் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகு போகாது, நாட்டுப்படகும் வள்ளமும் போகும். அந்த இரண்டு மாதம் கிடைக்கிற சின்ன மீனை வாங்கினால் காசு நாட்டுப்படகுக்காரன் வீட்டுக்குப் போகும். விரல் நீளத்துக்கு வஞ்சிரக் குஞ்சு விற்றால் வாங்காதீர்கள். நெத்திலி வளர்ந்தாலும் அவ்வளவுதான், அது வேறு. வஞ்சிரக் குஞ்சு பெரிய மீனாக வேண்டியது. சினை நண்டு ருசி என்பார்கள், எனக்கும் தெரியும், வாங்காதீர்கள்.

பண்ணை இறாலையும் யோசித்து வாங்குங்கள். நாகப்பட்டினம் பக்கம் நல்ல தண்ணீர் உப்பாகி, வயல் கெட்டு, அந்த வழக்கு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம்.

பந்திக்கட்டு

நான் கல்யாணச் சமையல் ஆள். வீட்டுக் கணக்கை நீங்கள் போட்டுக்கொண்டே இருங்கள், ஒரு முகூர்த்த நாளில் நான் கொட்டுவதைப் பார்த்தால் இரண்டு நாள் தூக்கம் வராது.

உள் விஷயம் ஒன்று சொல்கிறேன். இலையில் மிஞ்சுவதற்குப் பெரிய காரணம் சாப்பிடுகிறவர் இல்லை, பந்தி போடும் முறைதான். ஆள் உட்காருவதற்கு முன்பே இலை போட்டு இனிப்பு, வடை, அப்பளம், கூட்டு, பொரியல், பச்சடி, ஊறுகாய் எல்லாம் வைத்துவிடுவோம். வீடியோவில் நிறைவாகத் தெரிய வேண்டும் என்று பெண் வீட்டார் சொல்வார்கள். சர்க்கரைக்காரர் இனிப்பைத் தொடமாட்டார், குழந்தை கூட்டைத் தொடாது, அப்படியே இலையோடு மடித்துத் தொட்டிக்குப் போகும். போன வைகாசியில் ஒரு வீட்டுப் பெரியவர் வந்து, "ஆள் உட்கார்ந்த பிறகு கேட்டுக் கேட்டு வையுங்கள், சாம்பாருக்கு முன்னால் எவ்வளவு சோறு என்று கேளுங்கள்" என்றார். கூடுதலாக ஆறு பேர் பரிமாற வேண்டியிருந்தது, அந்தக் கூலியையும் கொடுத்தார். எப்போதும் நாலு டிரம் நிறையும், அன்றைக்கு ஒன்றரை. ஆறு பேர் கூலியைவிட மிச்சமான காய்கறி, அரிசி அதிகம்.

ஆனால் அடுத்த கல்யாணத்தில் நான் இதைச் சொன்னபோது "என்ன, கஞ்சத்தனமாகத் தெரியாதா" என்று கேட்டார்கள். என்ன செய்ய.

சும்மா_வந்தேன்

இது நல்ல பதிவு. இதைத்தான் நான் சொல்கிறேன், வீட்டுக்காரியைப் பிடிக்காமல் மண்டபத்தைப் பிடியுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். 2011லிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். குதிரைவாலி கடையில் விற்கிற விலைக்கு யார் மாறுவார்? சிறுதானியம் வசதியுள்ளவன் பொழுதுபோக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

கடைமடைக்காரன்

அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரேஷனில் முடியாது என்று இல்லை தம்பி. 2023இல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் விருப்பப்பட்ட கார்டுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே களி தின்கிற பழக்கம் இன்னும் சாகவில்லை, அதனால் எடுபடும். குதிரைவாலிக்குக் கஷ்டம் உமியில். குத்தினால் லேசில் போகாது. அரவைக்கு மெஷின் உள்ள ஊரைத் தேடித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். விவசாயி விற்கிற விலைக்கும் கடை விலைக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் அங்கேதான் தோண்டப்படுகிறது.

இன்னொரு வேடிக்கை. மதுரைத் தங்கச்சி எங்கிருந்தோ லாரியில் வந்த பாக்கெட்டை வாங்கியிருக்கிறார். குதிரைவாலி மானாவாரியாக விளைகிறதே அவர் வீட்டுக்கு அந்தப் பக்கம் பேரையூர், தே. கல்லுப்பட்டியில்தான். மழையை நம்பி விதைப்பது, தண்ணீர் கட்டுவதே கிடையாது, அதனால் சேற்று மீத்தேன் பேச்சுக்கே இடமில்லை. உழவர் சந்தையில் கேட்டுப் பாருங்கள். 1999இல் முதல் சந்தை திறந்ததே உங்கள் ஊரில்தானே.

தொட்டிச்செடி (கோவை)

அந்த 5 கிலோ தோலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்தால் குப்பைக் கிடங்கில் அடியில் அமுங்கி, காற்றில்லாமல் அழுகி, அதுவும் மீத்தேன்தான், கடைமடை அண்ணன் வயல் மாதிரியே. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது, 2024இல் எங்கள் வெள்ளலூர். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மண்தொட்டி இரண்டு போதும். பக்கத்தில் ஓட்டை போட்டது. ஒரு கை தோல் போட்டால் இரண்டு கை காய்ந்த இலை அல்லது தென்னை நார்த்தூள், கொஞ்சம் புளித்த மோர். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகு போடுங்கள். புழு வந்தால் பயப்பட வேண்டாம், மாமியாரிடம் காட்ட வேண்டாம். சிரட்டையைப் போடாதீர்கள், அது பேரப்பிள்ளை காலம் வரை அப்படியே இருக்கும். சமைத்த சோறு, எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம், எலி வரும்.

மாடக்குளத்தாள் (மூன்று வாரம் கழித்து)

குப்பையைத் திரும்பத் தராசில் நிறுத்தேன். சோறு 2 கிலோ 100லிருந்து 300 கிராம். சாம்பார் வகையறா அரை கிலோ. மாவு பூஜ்யம், மிச்சத்தைப் பணியாரமாக ஊற்றிவிடுகிறோம். பாலை ஒன்றேகால் லிட்டராக்கினேன், பையன்கள் ராத்திரிப் பால் பாதி தினமும் டம்ளரிலேயே ஆடை கட்டிக் கிடந்தது, அதைத்தான் நிறுத்தினேன். காபி பத்திரமாக இருக்கிறது. ஆட்டுக்கறி மாதம் ஒரு தடவை. மீன்காரம்மாவிடம் சாளை கேட்டேன், "இங்க மத்தின்னு கேளுங்க" என்றார்.

சோறு எப்படிக் குறைந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அரிசி அளப்பது மாமியார்தான், பித்தளை உழக்கில். தினம் நான்கு உழக்கு. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான்கு. போன வாரம் பக்கத்தில் நின்று, மூன்று போட்டுப் பார்க்கலாமா அத்தை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உழக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. மாமா இறந்து இரண்டு வருடமாகிறது. ராத்திரி வயலுக்குப் போகிற மனிதர், மூன்று வேளையும் சோறு, காலையில் பழையது. அவர் பங்கை இன்னும் உலையில் போட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது காலையில் இட்லி, பிள்ளைகளுக்கு மதியம் பள்ளிக்கூடத்தில் சப்பாத்தி டப்பா, பழையது சாப்பிட ஆளில்லை. பிரிட்ஜில் இரண்டு நாள் இருந்துவிட்டுக் குப்பைக்குப் போகிறது.

மூன்று உழக்கு போட்டோம். போதுமாக இருந்தது. ராத்திரி மிஞ்சின ஒரு கரண்டிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போட்டு அத்தை தானே சாப்பிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கடைமடைக்காரன்

சரி தங்கச்சி.

ஒடியல்கூழ்

வாசிச்சன்.

கணக்குவாத்தியார்

மாதம் சுமாராக இரண்டரை கிலோ அரிசி மிச்சம், ஏழரை லிட்டர் பால், ஒரு கிலோ கறி. முதல் பதிவில் போட்டவற்றைக் கூட்டினால் மாதம் கிட்டத்தட்ட 300 கிலோ வாயு, அதில் 55க்கு மேல் குறைந்திருக்கிறது, ஒருவரும் பட்டினி கிடக்காமல். ஆமாம், அந்த ஐந்து கிலோ குதிரைவாலி என்ன ஆயிற்று?

மாடக்குளத்தாள்

நாலு கிலோவுக்கு மேல் அப்படியே இருக்கிறது சார். ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பந்திக்கட்டு

முதலில் டப்பாவைத் திறந்து வண்டு வந்துவிட்டதா பாருங்கள். வரவில்லை என்றால் சோறாக்கவே ஆக்காதீர்கள், அங்கேதான் எல்லோரும் தோற்கிறார்கள். இட்லிக்கு ஊறப்போடும்போது மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு குதிரைவாலி, உளுந்து எப்போதும் போல. அரைத்து, புளிக்கவைத்து ஊற்றுங்கள். சின்னவனிடம் சொல்லாதீர்கள்.

மாடக்குளத்தாள்

திறந்தேன். இரண்டு வண்டு. மாடியில் வெயிலில் பரப்பியிருக்கிறேன், அத்தை காக்காய் விரட்ட உட்கார்ந்திருக்கிறார்.